செம்புக்கு ஓர் அணுகுண்டு

ஓடை நீலமாக ஓடியது.

அழகான நீலம் இல்லை. மருந்துக்கடைக் குப்பிக்குள் மட்டுமே பார்க்கக்கூடிய, பச்சை கலந்த, கண்ணை உறுத்துகிற நீலம். அதில் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரையில் ஓர் எருமைக் கன்று நான்கு கால்களையும் விறைத்து நீட்டியபடி கிடந்தது. வாயோரத்தில் நுரை. நுரையின் மேல் ஈக்கள்.

பானுமதி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். சேலத்தில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். அழுகிய பிணத்துக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்த நாள்கள் உண்டு. இன்று ஏனோ குமட்டியது.

"மேடம், காலையில உள்ளே போன இட்லி ஜாமீன் கேக்குது" என்றான் பிரேம், அவளுடைய உதவியாளன்.

"தள்ளுபடி பண்ணு."

"பண்ணிட்டேன். மேல்முறையீட்டுக்குப் போகுது."

கொல்லிமலையை ஊர்க்கூட்டங்களாகப் பிரித்த நாடுகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டின் அந்தச் சிற்றூர் மொத்தமும் ஓடைக்கரையில் நின்றிருந்தது. பேச வேண்டியதை எல்லாம் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டவர்கள்போல அருள்பிரகாஷையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருள்பிரகாஷ் சமவெளியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தும்பைப்பூ வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான குரல். 'மலை மீட்புக் குழு' என்ற ஒன்றைத் தொடங்கி அதற்குத் தலைவராகவும் இருந்தார். பானுமதியை இந்த மலைக்கு வரவழைத்ததே அவர்தான். கொல்லிமலைக்கு அடியில் செம்பு இருக்கிறதாம். அதை எடுக்க ஒரு கம்பெனி ரகசியமாக அணுகுண்டு வைக்கப்போகிறதாம். அது எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவர் கொடுத்த வேலை.

பானுமதியும் பிரேமும் சில வாரங்களாக மலை முழுக்க வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். கம்பெனி கிடைக்கவில்லை. துளை போடும் வண்டி ஒன்றுகூட மலை ஏறியதாக யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பூமி அதிர ஒரு சத்தம் கேட்டதை மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

"அது சின்னச் சோதனைக் குண்டு" என்று அருள்பிரகாஷ் இப்போது கூட்டத்திடம் விளக்கினார். "பெரிசு இனிமேத்தான். ஆழமாத் துளை போட்டு உள்ளே இறக்குவான். வெடிச்சா, மலைக்குள்ள இருக்கிற பாறை அத்தனையும் பொரி மாதிரி நொறுங்கிப் போயிரும். அப்புறம் மேலேயிருந்து ஆசிட் ஊத்துவான். செம்பு கரைஞ்சு வரும். பம்பு வச்சு உறிஞ்சிக்குவான். அமெரிக்காக்காரன் அறுபது வருஷத்துக்கு முன்னாடியே போட்ட திட்டம் இது. நம்பலையின்னா பாருங்க."

கைப்பேசியில் ஒரு பழைய படத்தை ஓட்டிக் காட்டினார். பாலைவனத் தரை பூரிபோல உப்பியது. பிறகு வெடித்து, ஊரே முழுகும் அளவுக்குப் பள்ளமானது. படத்தைப் பார்த்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்பிரகாஷ் குனிந்து ஓர் அரிவாளை ஓடைத் தண்ணீரில் முக்கினார். சற்றுப் பொறுத்து எடுத்தார். இரும்பின் மேல் செந்நிறம் படிந்திருந்தது.

"இதான் செம்பு. மலை கரைய ஆரம்பிச்சிருச்சு."

அடுத்து அவர் தோள்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். முன்பக்கம் வட்டமாக ஒரு கறுப்புக் கண். பக்கத்தில் சிவப்பு விளக்கு. கதிர்வீச்சு மீட்டர் என்று ஊரில் அதற்குப் பெயர். கன்றின் உடம்பருகே கொண்டுபோனார். பீப்... பீப்... பீப்பீப்பீ என்று அலறியது. விளையாட்டுக்குத் தலையை நீட்டிய பிரேமின் நெற்றியிலும் அலறியது.

"சார், என் தலைக்குள்ளயும் செம்பா?"

"சிரிக்கிற விஷயம் இல்லை தம்பி. நீங்களும் இந்தத் தண்ணிதானே குடிக்கிறீங்க?"

பிரேமின் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தன் மகளை முன்னால் கூட்டி வந்தாள். கண்ணாயி. இரண்டு நாளாக அந்த வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. மகள் சுமித்ராவுக்கு நாலு மாதம். சேலைக்கு மேல் வயிறு லேசாகத்தான் தெரிந்தது.

"இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க சாரு" என்றாள் கண்ணாயி. "நேத்து தப்பாக் காட்டியிருக்கும்ங்க."

அருள்பிரகாஷ் பெட்டியை அந்தப் பெண்ணின் வயிற்றருகே கொண்டுபோனார். நெருங்க நெருங்கச் சத்தம் வேகமானது. கடைசியில் இடைவெளியே இல்லாமல் கீச்சிட்டது. சுமித்ரா இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். அப்படி மூடினால் சத்தம் நின்றுவிடும் என்பதுபோல.

"ஏறிருச்சும்மா" என்றார் அவர். "பொறந்தாலும் முழுசாப் பொறக்காது. நான் என்னத்தச் சொல்ல?"

கண்ணாயி பானுமதியிடம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, இன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு சேந்தமங்கலத்துல பவர் பத்திரம் எழுதிக் குடுக்கறாருங்க. மெளகுக் காடு, மரவள்ளிக் காடு எல்லாந்தான். அதைக் குடுத்துட்டு அப்படியே இவளை நாமக்கல்லு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி..."

சுமித்ரா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்குப் பவர்?"

"செல்வம்னு ஒரு புரோக்கருங்க. வெசம் புடிச்ச பூமியை அவராவது வாங்கறாரேன்னு..."

அருள்பிரகாஷ் பெருமூச்சு விட்டார். "நான் போராடச் சொல்றவன். ஆனா விக்காதேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நிலத்தைவிட உயிர் பெரிசு." தன் காரிலேயே அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கீழே போகப்போவதாகச் சொன்னார். கண்ணாயியின் கணவன் அப்பாசாமி ஏற்கெனவே முன்ஸீட்டில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கண்ணாடி வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் கிளம்பியது. கூட்டம் கலைந்தது. பானுமதி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையோரமாக மேலே ஏறத் தொடங்கினாள்.

"மேடம், தண்ணி ஓடுறது கீழே."

"விஷம் வர்றது மேலேயிருந்துடா."

பாறைகளைப் பிடித்து ஏறினார்கள். ஒரு பலா மரத்தைத் தாண்டியதும் பானுமதி நின்றாள். மரத்துக்குக் கீழே ஓடை நீலம். மரத்துக்கு மேலே தெளிந்த தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. ஒரு பாறை இடுக்கில் நண்டு ஒன்று கொடுக்கை ஆட்டிவிட்டு உள்ளே போனது.

"இந்த நண்டுக்கு விஷயமே தெரியாது போல" என்றான் பிரேம். "குண்டு வெடிச்ச மலையில குடும்பம் நடத்திக்கிட்டிருக்கு."

"பூமிக்கு அடியில குண்டு வெடிச்சு இந்தத் தண்ணி கெட்டிருந்தா, ஊத்துக் கண்ணுலேயே கெட்டிருக்கணும். இது பாதி வழியில பஸ் ஏறியிருக்கு பிரேம். எந்த ஸ்டாப்புன்னு பாரு."

பலா மரத்தின் வேரடியில் தண்ணீருக்குள் பெரிய கல் ஒன்று கிடந்தது. அதன் அடியில் ஏதோ துணி அலைந்தது. பிரேம் கல்லைப் புரட்டினான். வாய் கட்டிய சாக்கு. அவிழ்த்தால், பாதி கரைந்த நீலக் கட்டிகள். உடைத்த கற்கண்டு அளவில். பானுமதியின் விரல்கள் நீலமாயின.

"மயில்துத்தம்" என்றாள்.

"மிளகுக் கொடிக்கு அடிக்கிறதா?"

"ஆமா. சுண்ணாம்போட கலக்கி அடிப்பாங்க. இதுவும் செம்புதான். இரும்பைப் போட்டா செம்பு படியத்தான் செய்யும். பள்ளிக்கூடத்துல நீயும் செஞ்சு பாத்திருப்ப."

"அன்னிக்கு நான் லீவு மேடம். ஆனா இது மலையில எல்லார் ஊட்டுலயும் இருக்கிற சமாசாரமாச்சே. ஒருத்தருக்குமா தோணலை?"

"தோணியிருக்கும். படிச்ச மனுஷன் அணுகுண்டுன்னு அடிச்சுச் சொல்றப்ப, 'இல்லீங்க, மயில்துத்தம்'னு சொல்ல யாருக்கு வாய் வரும்?" அவள் சாக்கை உதறினாள். "கொடிக்கு மருந்தடிக்கிறது மழைக்காலத்துல. இப்ப மிளகு பறிச்சு முடிச்சுக் காயப் போட்டிருக்காங்க. இந்த வெயில்ல ஒரு மூட்டை மயில்துத்தம் யாருக்கு வேணும்?"

சாக்கின் மேல் மங்கலாக ஒரு சவ்வரிசி ஆலையின் முத்திரை இருந்தது.

"பாயசத்துக்குப் போட வேண்டியதை ஓடைக்குப் போட்டுட்டாங்க" என்றான் பிரேம். சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை. எருமைக் கன்றின் வாய் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"மயில்துத்தத்தைப் பழைய சவ்வரிசிச் சாக்குல கட்டிக் குடுக்கிற கடை எதுன்னு தெரிஞ்சா, வாங்கினது யாருன்னு தெரியும். வண்டியை எடு. அப்பாசாமி கையெழுத்துப் போடறதுக்குள்ள கீழே போகணும்."

"செல்வம்தான் மேடம். வேற யாரு? விஷத்தைக் கலக்கி, விலையைக் குறைச்சு, நிலத்தை வாங்குறான்."

"இருக்கலாம். அப்ப மீட்டர் ஏன் கத்துது?"

பிரேம் நெற்றியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. பாதி மலையில் நிற்க வேண்டியதாயிற்று. மேலே ஏறிவந்த பஸ்ஸுக்கு வழிவிட, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் வால்பக்கம் பாறைச் சுவரை நெருங்கியது.

பீப்... பீப்... பீப்பீப்பீ.

பிரேம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோனான்.

"மேடம், அந்தக் கிழங்குக்கும் கதிர்வீச்சு."

பானுமதி சிரிக்கவில்லை. லாரியின் பின்பக்கத் தகரத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கண் பதித்திருந்தது. சுவர் கிட்டே வந்தால் கத்துவதற்காக வைத்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் கேட்டால் மாட்டிக் கொடுப்பார்கள். பேட்டரியோடு ஒரு பெட்டிக்குள் அடைத்தால் கையில் தூக்கிக்கொண்டு அலையலாம். எதன் பக்கத்தில் கொண்டுபோனாலும் கத்தும். பாறை, கன்று, பிரேமின் மண்டை. நாலு மாதக் கர்ப்பிணியின் வயிறு.

"த்தூ" என்றாள் பானுமதி. ஜன்னலுக்கு வெளியே உண்மையாகவே துப்பினாள். அவள் அப்படிச் செய்து பிரேம் பார்த்ததில்லை.

"வாத்தியாரை ஏமாத்தி எவனோ இதை வித்துட்டான் மேடம். பாவம், நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன் காலேஜ்ல என்ன பாடம் எடுத்தாராம்?"

"கெமிஸ்ட்ரின்னு சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் பிரேமுக்கு உறைத்தது. மயில்துத்தத்தை அடையாளம் தெரியாத ஒரு ரசாயன ஆசிரியர். பஸ் கடந்துபோனது. அவன் வண்டியை எடுத்த வேகத்தில் பின்சீட்டில் இருந்த சாக்கு கீழே விழுந்தது.

சேந்தமங்கலத்தில் முதல் உரக்கடையிலேயே சாக்கைப் பார்த்துக் கை காட்டினார்கள். "இது பிரபாவதி கடைச் சாக்குங்க. அவங்க அண்ணன் சவ்வரிசி மில்லுல இருக்கறாரு. பழைய சாக்கெல்லாம் இங்கதான் வரும்."

பிரபாவதி கல்லாவில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள். பானுமதி சாக்கை மேஜைமேல் போட்டாள்.

"இதுல மயில்துத்தம் வாங்கினது புரோக்கர் செல்வமா?"

"செல்வமுங்களா? அவரு வண்டியில தூக்கி வச்சாருங்க. வாங்குனது நம்ம குழு சாரு. மலைச் சனத்துக்கு இனாமாக் குடுக்கறாராம். இதோட நாலாவது மூட்டை." வெள்ளரிக்காயை ஒரு கடி கடித்துக்கொண்டு சொன்னாள், "தங்கமான மனுசனுங்க. இந்தக் காலத்துல யாருங்க இப்படிச் செய்யறாங்க?"

பானுமதி சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே புளியமர நிழலில் அருள்பிரகாஷின் கார் நின்றது. செல்வம் பேனாவோடு நின்றிருந்தான். அப்பாசாமியின் தோளில் கை போட்டு அருள்பிரகாஷ் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாயியும் சுமித்ராவும் காருக்குள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று ஜீப்பிலிருந்து குதித்தபடி கேட்டாள் பானுமதி.

"கூப்புடப் போறாங்க. ஏன்மா, கம்பெனி பேரு கெடைச்சுதா?" என்றார் அருள்பிரகாஷ்.

"கிட்டத்தட்ட. அதுக்கு முன்னாடி உங்க மீட்டர்ல ஒரு சின்ன சந்தேகம். மலைக்கே வராத பொருள் ஏதாவது ஒண்ணை அளந்து காட்டுங்களேன்."

"பேட்டரி இறங்கிப் போச்சும்மா."

அதற்குள் பிரேம் காரின் பின்சீட்டிலிருந்து பெட்டியை எடுத்துவிட்டான். விசையைத் தட்டினான். பேட்டரி நன்றாகவே இருந்தது. புளியமரத்துக்குக் காட்டினான், அலறியது. பக்கத்து டீக்கடையின் சுவருக்குக் காட்டினான், அலறியது. படுத்திருந்த நாய்க்குக் காட்டினான். பெட்டி கத்தியது, நாய் எழுந்து ஓடியது. கடைசியில் செல்வத்தின் தொப்பைக்கு நேராகக் கொண்டுபோனான். கீச்சென்று ஒரே சத்தம்.

"அண்ணனுக்கு எத்தனை மாசம்?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாயி சிரிக்கவில்லை. காரிலிருந்து இறங்கி வந்து பிரேமின் கையிலிருந்த பெட்டியையே பார்த்தாள்.

"இது என்னங்க தம்பி?"

பிரேம் பெட்டியைத் திருப்பி மூடியை நெம்பித் திறந்தான். உள்ளே ஒரு பேட்டரி, நாலு கம்பி, ஒரு சின்ன ஒலிபெருக்கி. "லாரி பின்னால வர்றப்ப சுவத்துல மோதாம இருக்க மாட்டுவாங்கல்ல, அதுங்கக்கா. கதிரும் இல்லை, ஒண்ணும் இல்லை. கிட்ட எது வந்தாலும் கத்தும்."

"அப்ப என் புள்ள வயித்துல..."

"ஒண்ணுமில்லைம்மா" என்றாள் பானுமதி. "ஓடையில கலந்தது மயில்துத்தம். அதைக் குடிச்சுத்தான் வாந்தி. நல்ல டாக்டர்கிட்டக் காட்டுவோம். குண்டும் வெடிக்கலை, செம்பும் கரையலை. அன்னிக்குக் கேட்ட சத்தம் கிணத்துக்கு வைக்கிற சாதா வெடியாத்தான் இருக்கும்."

கண்ணாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காருக்குள் சுமித்ரா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஓடைக்கரையில் அவள் அழவே இல்லை.

பானுமதி சாக்கைச் செல்வத்தின் காலடியில் எறிந்தாள். "தண்ணியில விஷம் கலந்திருக்கு. கர்ப்பிணி குடிச்சிருக்கா. அந்த உயிருக்கு ஏதாவது ஆச்சுன்னா புரோக்கர் கமிஷன் என்ன வரும் தெரியுமா செல்வம்?"

செல்வம் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "ஐயோ, நான் மூட்டை தூக்குனதோட சரிங்க! கிணத்து வெடிக்கு ஆளு புடிச்சதும் அவரு சொல்லித்தாங்க. நெலம் பூராம் சாருக்குத்தான். அருவி தெரியற எடமாப் பாத்து வாங்கச் சொன்னாரு. பணக்காரங்களுக்கு பங்களா கட்டி விக்கறதுக்குங்க."

அப்பாசாமி தன் தோளில் இன்னும் கிடந்த அருள்பிரகாஷின் கையை மெதுவாக எடுத்து விலக்கினான். ஏதோ அசிங்கத்தைத் தொட்டதுபோல வேட்டியில் தன் விரல்களைத் துடைத்தான்.

அருள்பிரகாஷ் ஓடவில்லை, கெஞ்சவும் இல்லை. சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லலை" என்றார். "அமெரிக்காக்காரன் திட்டம் போட்டது நிஜம்."

"போட்டான். செம்புக்காக ஒரு குண்டுகூட வெடிக்காம விட்டுட்டான். அதைச் சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே?" அவர் புன்னகைத்தார். "நான் ஊர் ஊராப் போய்ப் பேசினேன். பாதிப் பேர் நம்பலை. வாத்தியார் ஏதோ உளறுறார்னு போயிட்டாங்க. அப்பத்தான் உங்க ஞாபகம் வந்துது. சேலத்துலேருந்து துப்பறிய ஆள் வந்திருக்கு, ஊடு ஊடா வந்து குண்டுச் சத்தம் கேட்டுச்சான்னு விசாரிக்குதுன்னா, அது பொய்யா இருக்குமா? நீங்க கதவைத் தட்டின ஊடெல்லாம் அடுத்த வாரமே செல்வத்தைத் தேடி வந்துச்சு. உங்களை மாதிரி ஒரு விளம்பரம் எனக்குக் கிடைச்சிருக்காது."

பானுமதி தான் ஏறி இறங்கிய வீடுகளை எண்ணிப் பார்த்தாள். எத்தனை வாசல்கள், எத்தனை முறங்கள், எத்தனை பேர் அவள் கேள்வியைக் கேட்டு முகம் மாறினார்கள். அந்த முகமாற்றத்தை அவள் தடயம் என்று நினைத்திருந்தாள். அவள் விதைத்த பயம் அது. கம்பெனியைத் தேடி அலைந்த இத்தனை நாளும் அந்தக் கம்பெனிக்குத்தான் வேலை பார்த்திருக்கிறாள்.

விரல்களைப் பார்த்தாள். நீலம் போகவில்லை.

"பிரேம், போலீசுக்குப் போன் பண்ணு."

"பண்ணிட்டேன் மேடம். இவர் விளம்பரம் பேச ஆரம்பிச்சப்பவே."

போலீஸ் வந்தது. செல்வம் போலீஸ் ஜீப்பில் ஏறும்போதே இன்னும் நாலு பேர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அருள்பிரகாஷ் பின்சீட்டில் ஏறுமுன் இருக்கையின் தூசியைக் கைக்குட்டையால் தட்டினார். டீக்கடையில் ஒருவர் வாயில் இருந்த டீயை அவர் செருப்பின் மேல் துப்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு கண்ணாயி பானுமதியின் கையைப் பிடித்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள் பானுமதி.

"ஏனுங்கம்மா, தேவனூர் நாட்டுல பூங்குழலின்னு ஒரு புள்ளைங்க. அவ வயித்துலயும் அந்த ஆளு பொட்டி வச்சுப் பாத்தாரு. அவங்க நெலத்தைக் குடுத்துட்டாங்க. போன வாரம் நாமக்கல்லு ஆசுபத்திரிக்குப் போயிட்டும் வந்துட்டாங்க." குரல் இறங்கியது. "அவகிட்ட இதை யாரு சொல்றதுங்க?"

கண்ணாயி வீட்டாரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, சாயங்கால வெயிலில் ஜீப் மறுபடி மலை ஏறியது. ஒரு வளைவில் பிரேம் கேட்டான்.

"சொல்லாம விட்டுட்டா என்ன மேடம்? பொய்யின்னு தெரியாம இருந்தா, அதாவது ஒரு சமாதானமா இருக்குமே."

"நாளைக்குப் பேப்பர்ல வரும். டீக்கடையில எவனாவது சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். அப்படித்தான் அவளுக்குத் தெரியணுமா?"

பூங்குழலி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கருமை. சற்றுத் தள்ளி அவள் கணவன் சதீஷ்குமார் விறகு பிளந்துகொண்டிருந்தான். பானுமதி தரையிலேயே உட்கார்ந்தாள். பெட்டியைப் பற்றிச் சொன்னாள். மயில்துத்தத்தைப் பற்றிச் சொன்னாள். அருள்பிரகாஷைப் பற்றிச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சுற்றி வளைத்திருந்தால் முடித்திருக்க மாட்டாள்.

கோடாரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

பூங்குழலி முறத்தில் இருந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். இன்னொன்றைப் பொறுக்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப அது நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

என்ன சொன்னாலும் தப்பு என்று பானுமதிக்குத் தெரிந்தது.

"ஆமா கண்ணு. நல்லாத்தான் இருந்துச்சு."

"நீங்க அன்னிக்கு வந்தப்பவும் இங்கதான் உக்காந்தீங்க" என்றாள் பூங்குழலி. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "குண்டுச் சத்தம் கேட்டுச்சான்னு கேட்டீங்க. அதுவரைக்கும் இவரு நம்பலைங்க. வேண்டாம், புள்ள பொறக்கட்டும்னுதான் சொல்லிட்டிருந்தாரு. நீங்க போனதுக்கப்புறந்தான் மெரண்டாரு."

பானுமதி தலையைக் குனியவில்லை. குனிவதும் ஒரு தப்பித்தல் என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சதீஷ்குமார் சுவரில் சாய்ந்து, முதுகு குலுங்க, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

பூங்குழலி முறத்தைக் கீழே வைத்தாள். மடியில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அந்த ஆளு இப்ப எங்க இருக்கறாருங்க?"

"சேந்தமங்கலம் போலீஸ் ஸ்டேஷன்ல."

"பொட்டியை வயித்துல வச்சப்ப அந்த ஆளு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "இருங்க, காலைக் கழுவிட்டு வாரேன்."